ஒலி விட்டு விட்டு வருகிறது

மூன்றாம் குமிழில் பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே காது வைத்துவிடுவார்கள். செவ்வாயின் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒன்பதாயிரம் பேர் மூச்சுவிடுவதற்காகக் காற்றெந்திரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெறும் காதுக்கு எட்டாது. ஆகவே காதுமடலுக்குப் பின்னால், எலும்புக்குள், பயறளவு செவிச்சில்லு ஒன்றைப் பதித்தார்கள். அது இரைச்சலை வடிகட்டிவிட்டு மனிதக் குரலையும் பாட்டையும் சினிமாவையும் நேராக நரம்புக்கு அனுப்பியது. சில்லு இல்லாத ஒருவர் அங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், ஓடும் ஆலைக்கு நடுவே நான்கு பைத்தியங்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றுதான் நினைப்பார். உள்ளே இருப்பவர்களோ குடும்பத்தோடு படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தாண்டவமூர்த்தி அந்தக் குமிழில் நீர் மறுசுழற்சிப் பிரிவில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது குமிழ் நலக்குழுவின் துணைத்தலைவர். பதவியைவிடத் தன் ரசனையைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை அதிகம். குமிழில் மற்றவர்களெல்லாம் உள்ளங்கைத் திரையில் எட்டு வினாடிப் படத்துணுக்குகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற கூட்டம் என்பது அவர் அபிப்பிராயம். அவர்களுக்குத் 'துணுக்கர்கள்' என்று பெயரும் வைத்திருந்தார். ஒரு முழுநீளப் படத்தை உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஆள் இந்தக் கிரகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நம்பினார். அதற்காகவே கூடத்தில் சுவர் முழுக்கத் திரையும், பூமியிலிருந்து வரவழைத்த திரையகக் கணினியும் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த துணுக்கர்களை அதன் பக்கத்தில் நிற்கக்கூட விடமாட்டார்.

அந்தத் திரையகத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை அவருடைய மகளின் படம் வந்து சேர்ந்தது.

இளநகை சினிமா படிக்கிறேன் என்று எட்டு வருடத்துக்கு முன் பூமிக்குப் போனவள். சென்னையில் இருந்தாள். இது அவள் இயக்கிய முதல் படம். படத்தோடு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். செவ்வாய்க்கு வரும் கப்பலில் இடம் போட வியாழக்கிழமை கடைசி நாள். போடாவிட்டால் அங்கேயே ஒரு நிறுவனத்தில் மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் தயாராக இருக்கிறது. இரண்டில் எது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "படத்தைப் பாத்துட்டு அப்பா என்ன நினைக்கிறார்னு எனக்குத் தெரியணும். அம்மா சொல்லக் கூடாது. அவரே சொல்லணும்" என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியின் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருடைய மனைவி கோமளத்துக்கு உடனே புரிந்தது. தாண்டவமூர்த்திக்குப் புரிந்தது, தன் ரசனையின் மதிப்பு மகளுக்காவது தெரிந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இருவரும் உட்கார்ந்தார்கள். சென்னையில் தொண்ணூறு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டில் ஒரு தகப்பனும் மகளும் மாட்டிக்கொள்வதுதான் கதை. லிஃப்ட் நின்றதிலிருந்து தகப்பன் பேசிக்கொண்டே இருக்கிறான். மகள் ஏதோ ஒன்று சொல்ல வாயைத் திறக்கிறாள். அவன் அடுத்த பேச்சை ஆரம்பித்துவிடுகிறான். இரண்டு மணி பத்து நிமிடப் படம்.

பதினோராவது நிமிடத்தில் ஒலி அறுந்தது. ஒரு வினாடிதான். திரையில் உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. பிறகு பாதி வார்த்தையிலிருந்து தொடங்கியது. சிறிது நேரம் ஒழுங்காக ஓடியது. மறுபடி அறுந்தது. நாற்பதாவது நிமிடத்துக்குள் திக்குவாய்க்காரன் திருக்குறள் ஒப்பிப்பதைப் போல ஆகிவிட்டது. படம் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கோமளத்திடம் கேட்டார். தனக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். உனக்கு நல்ல ஒலிக்கும் கெட்ட ஒலிக்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே என்று அவர் சொன்னார். கடைசிக் காட்சியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். தரக்குறைவான ஒலியையும் சகித்துக்கொண்டு அழ முடிகிற மனுஷி என்று நினைத்தார்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் திரையகக் கணினியின் உயிரை எடுத்தார். அணைத்துப் போட்டார். ஒலி இயக்கியைப் புதுப்பித்தார். சரிவராமல் பழைய பதிப்புக்கே திரும்பினார். படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினார், அந்த அவமானத்தைச் சகிக்க முடியாமல் மறுபடி ஏற்றினார். பின்னணியில் ஓடிய நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தியதில் குளியலறை வெந்நீரும் சேர்ந்து நின்றுபோனது. சமையலறை அடுப்பின் அலைகள் குறுக்கிடுகின்றன என்று முடிவுகட்டி மதியம் வரை அடுப்பு மூட்டக் கூடாது என்றார். கோமளம் முந்தைய நாள் பாசித் தோசையை ஆறியபடியே தட்டில் வைத்தாள். குமிழின் பொது மன்றத்தில் தன் கோளாறை நான்கு பத்தி எழுதினார். வந்த முப்பது பதில்களில் இருபத்தொன்பது, 'எனக்கு நன்றாக ஓடுகிறதே' என்று இருந்தன. முப்பதாவது, படம் என்ன படம் என்று கேட்டது. துணுக்கர்கள்.

பிறகு பழுதுநீக்கி வந்தது. எட்டுக் கால்களோடு சுவரில் ஏறி, கணினிக்குள் கொடுக்கை விட்டு, ஒன்றரை நிமிடம் அசையாமல் இருந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று அறிவித்துவிட்டுக் கதவைப் பார்த்து நகர்ந்தது. தாண்டவமூர்த்தி அதன் வழியை மறித்துக்கொண்டு நின்றார். எந்திரத்தை எந்திரம் விட்டுக்கொடுக்காது, மனிதரை அனுப்புங்கள் என்று புகார் பதிந்தார். துணைத்தலைவர் என்பதால் இரண்டு மணி நேரத்தில் மனிதரே வந்தார்.

வந்தவள் பெயர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும். செவிச்சில்லு இணைப்புகளில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவள். அவர் பேச்சை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். ஒலியைப் பற்றிய அவருடைய விரிவுரை முடிந்ததும், கணினியை ஏறெடுத்தும் பார்க்காமல் அவர் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டினாள். தன் கைத்திரையில் ஏதோ பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள்.

"சார், மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப என் காதுல கோளாறா?"

"காதுலயும் இல்ல சார்."

விஷயத்தை அவள் பக்குவமாகத்தான் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன் புழுதிப் புயலில் மின்சாரம் பற்றாமல் போனபோது, குமிழில் கவனச் சிக்கனச் சட்டம் வந்தது. இரைச்சலை வடிகட்டி ஒவ்வொரு காதுக்கும் சுத்தமான ஒலியை அனுப்புவதற்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. கேட்காத காதுக்கு எதற்காக அனுப்ப வேண்டும்? ஒருவருடைய செவி நரம்பு கவனிப்பதை நிறுத்தினால், சில்லும் ஒலியை நிறுத்திவிடும். கவனம் திரும்பினால் ஒலியும் திரும்பும். கவனம் சிதறுகிறவர்களுக்கு அது விட்டு விட்டுத்தான் கேட்கும்.

தாண்டவமூர்த்திக்கு அந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். நலக்குழுவில் அதை முன்மொழிந்ததே அவர்தான். துணுக்கர்களின் காதுகளுக்காக மின்சாரத்தைக் கொட்டி அழ வேண்டுமா என்று அன்றைக்கு அவர் கேட்டபோது மண்டபமே தலையாட்டியது. அது தனக்கும் பொருந்தும் என்று அந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

நான் கவனிக்கவில்லை என்று ஒரு சில்லு சொல்லுமா என்று கேட்டார். ஜெசிந்தா பட்டியலைச் சுவர்த்திரைக்கு மாற்றினாள். ஒரு பக்கம் ஒலி அறுந்த நேரம். மறுபக்கம் அதே நேரத்தில் அவருடைய உள்ளங்கைத் திரையில் நடந்தது. பதினோராவது நிமிடம், எதிர்வீட்டுக் கொடி நடைபாதைக்குப் படரலாமா என்ற வாக்கெடுப்பில் படரக் கூடாது என்று வாக்களித்திருக்கிறார். இருபத்து மூன்றில், மதியம் சாப்பிட்ட பொரியலுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். முப்பத்தொன்றில் யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்குப் பூப்படம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை, எட்டு வினாடித் துணுக்குகள் நாற்பத்து மூன்று. கோமளம் அதைப் பார்த்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

பட்டியலின் கடைசி இடைவெளிதான் பெரியது. படம் முடிவதற்கு ஒன்பது நிமிடம் முன்னால் தொடங்கி ஏழு நிமிடம் ஒலி சுத்தமாக இல்லை.

"இந்த ஏழு நிமிஷம் நீங்க கம்ப்ளெயிண்ட் எழுதிட்டிருந்தீங்க சார். ஒலி விட்டு விட்டு வருதுன்னு."

லிஃப்டில் இருந்த மகள் கடைசியாக வாயைத் திறந்து பேசியது அந்த ஏழு நிமிடத்தில்தான்.

சட்டத்திலிருந்து விலக்கு வாங்கலாம் என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பெயரைக் கவனக்குறைவாளர் பட்டியலில் பதிய வேண்டும். பட்டியல் குமிழின் நுழைவாயிலில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். அதை நுழைவாயிலில் வைக்கச் சொன்னதும் தாண்டவமூர்த்திதான் என்பதால், அவர் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார்.

"கையை மூடி வச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க சார். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

இப்படி ஒரு யோசனை சொல்வதற்குப் பதினைந்து வருட அனுபவமா என்று அவர் ஏளனமாகக் கேட்டார். ஆனால் அவள் போனபின், உள்ளங்கையை ஒரு துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். படம் தொடங்கியது.

ஒன்பது நிமிடம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. லிஃப்டின் கம்பி முனகுவது கேட்டது. மாடிகளுக்கு இடையில் காற்று ஊதுவது கேட்டது. அந்த மகள் பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. அது இளநகை ஐந்து வயதில் பொய் சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சு. நடிகைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாக மகள் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

உடனே அவர் நினைத்தார்: பார், என்னால் முடிகிறது. இந்தக் குமிழில் வேறு எவனால் முடியும்? அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் முதல் வாக்கியத்தை அமைத்தார். இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் திரையில் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

இன்னும் மூன்று தடவை முயன்றார். நான்காவது தடவை ஒலி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

மாற்றுப் பார்வையாளர் என்றொரு எந்திரம் இருப்பதைத் தாண்டவமூர்த்தி கேள்விப்பட்டிருந்தார். பார்க்க நேரமில்லாதவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து, முழுப்படத்தையும் பார்த்து, இரண்டு பத்தியில் அவர்கள் பேரிலேயே அபிப்பிராயம் எழுதிக் கொடுக்கும். குமிழில் பாதிப் பேர் அதை வரவழைத்துத்தான் தங்கள் பிள்ளைகளின் பள்ளி நாடகங்களைப் பார்த்தார்கள். அந்த இழிவை அவர் பலமுறை கண்டித்திருக்கிறார். தன் விஷயம் வேறு என்று இப்போது சொல்லிக்கொண்டார். ரசிப்பது தான்தான், கேட்கிற கூலி வேலையை மட்டும் எந்திரத்திடம் பிரித்துக் கொடுக்கிறார்.

அது வந்தது. தலையென்று சொல்ல ஒரு வழவழப்பான முட்டையும், மடித்து வைத்த இரண்டு கைகளும். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி பத்து நிமிடம் அசையாமல் பார்த்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அது பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்; பிறகு துணுக்கு பார்த்தார். படம் முடிந்ததும் அது எழுதிக் கொடுத்தது:

'அவர் பயத்தில்தான் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் நானும் அவரோடு சேர்ந்து அவளை மறித்தேன். கடைசியில் அவள், "நான் உங்ககிட்ட வந்தா நீங்க கேப்பீங்களாப்பா?" என்று கேட்டபோது அவர் முதல்முறையாகப் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தை நீ வெட்டாமல் வைத்திருப்பதற்கு நன்றி. என்னிடமும் பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.'

இரண்டாவது பத்தி ஒளிப்பதிவைப் பற்றியது. தாண்டவமூர்த்தி இரண்டையும் படித்தார். சரியாகத் தான் நினைத்ததையே எழுதியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அடியில் தன் பெயரையும், துணைத்தலைவர், குமிழ் நலக்குழு என்பதையும் சேர்த்தார்.

கோமளம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அனுப்பாதீங்க. கேக்கலைன்னு சொல்லிடுங்க. அவ உங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"உனக்கு அவ வரணுமா, வேணாமா?"

அவர் அனுப்பினார். கோமளம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகளுக்கு ஒரு செய்தியைப் பதிவு செய்தாள். போட்டுக் கேட்டாள். பிறகு அழித்தாள். எட்டு வருடமாக அவள் மகளைத் தொட்டதில்லை.

செய்தி பூமிக்குப் போய்ப் பதில் வர நாற்பது நிமிடம் பிடித்தது. இளநகை அழுதுகொண்டு பேசியிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, குழுத்தலைவரிடம் மகள் வருவதைச் சொல்லி அவளுக்கு ஒலிபரப்புப் பிரிவில் வேலை கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார் தாண்டவமூர்த்தி. 'இடம் போட்டுட்டேன்' என்பது அவருக்குக் கேட்டது. 'ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன்' என்பது கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அவள் வந்து இறங்கினாள். சிறு வயதுச் சில்லைப் பூமியில் எடுத்துவிட்டதால், துறைமுகத்திலேயே புதிதாக ஒன்றைப் பதித்து அனுப்பினார்கள். கோமளம் வாசலில் வைத்து அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டவள், சாப்பாடு எடுத்து வைக்கிற வரையில் விடவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் தாண்டவமூர்த்தி ஆரம்பித்தார். குமிழின் வளர்ச்சி, குழுவில் தன் பங்கு, துணுக்கர்களின் இழிநிலை. இளநகை தட்டில் கை வைக்காமல், அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் கப்பலில் அந்தக் கடிதத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அவர் தண்ணீர் குடித்த இடைவெளியில்தான் அவளால் பேச முடிந்தது.

"அப்பா, நானும் அவரோட சேர்ந்து அவளை மறிச்சேன்னு எழுதியிருந்தீங்களே. அது எந்த இடம்பா?"

தாண்டவமூர்த்தி தம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த இடம்னு இல்ல, எல்லா இடத்துலயும்தான்" என்றவர், படத்தில் வந்த லிஃப்ட் நினைவுக்கு வந்து, தான் மேற்பார்வையாளராக இருந்த முப்பது வருடத்தில் நீர்ப்பிரிவின் லிஃப்ட் ஒருநாள்கூட நடுவில் நின்றதில்லை என்பதை விவரிக்கத் தொடங்கினார்.

இளநகை அவரையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டதில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. திரும்பிப் போகும் கப்பலுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அவள் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இந்தச் சில்லுல ஏதோ கோளாறும்மா. அப்பா பேசுறது விட்டு விட்டுக் கேக்குது."

கோமளம் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"கோளாறு இல்லடி. எனக்கு நாலு வருஷமா அப்படித்தான் கேக்குது."

தாண்டவமூர்த்தியின் காதில் அது விழவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.